வீட்டிலே விஸ்கி காய்ச்சலாமா?

"வீட்டிலேயே விஸ்கி காய்ச்சினா என்ன, அண்ணே? அது தப்பா?"

இப்படிக் கேட்டார் ஒரு வாலிபர்.

கேட்ட இடம், சிங்கப்பெருமாள் கோயில். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பெரிய சாலையில் உள்ள ஊர். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயில் இங்கே பிரசித்தம். ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான். இங்குள்ள நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் தீபம் காட்டும்போது பக்தர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வாலிபருக்கு வயது 24. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை. எதையும் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் சுபாவம். வீட்டில் மின்விசிறி கெட்டால் கடைக்குக் கொண்டுபோக மாட்டார். தானே பிரித்து மாட்டுவார்.

ஒரு நாள் செல்போனில் ஒரு படம் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் விஸ்கி வடிக்கிறார். பளபளவென்று செம்புப் பாத்திரம். சொட்டுச் சொட்டாக விழுகிறது சரக்கு. "நம்மால் முடியாதா?" என்று நினைத்தார் வாலிபர்.

அம்மாவின் பழைய குக்கரை எடுத்தார். கடைக்குப் போய்ச் செம்புக் குழாய் வாங்கி வந்தார். அக்காள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. வருகிற மாமன் மச்சான்களுக்குத் தன் கையால் வடித்த விஸ்கியை ஊற்ற வேண்டும். இதுதான் திட்டம்!

அவருடைய அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நீங்க பேப்பர்ல எழுதறவங்க. நீங்களே இவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. மதுராந்தகம் பக்கத்துல நடந்ததை இவன் மறந்துட்டான். நான் மறக்கலே."

அந்தத் தாய் எதைச் சொன்னார்? அதற்குப் பிறகு வருவோம். முதலில் வாலிபரின் கேள்வியைப் பார்ப்போம்.

விஸ்கி என்பது என்ன?

விஸ்கி தானியத்தில் பிறப்பது. ஸ்காட்லாந்து நாட்டில் பார்லி என்ற தானியத்தை ஊற வைத்து முளை கட்டுகிறார்கள். முளை வந்ததும் உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கலக்கிறார்கள். தானியத்தில் உள்ள மாவுச் சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைச் சேர்க்கிறார்கள். நம் வீட்டு இட்லி மாவு புளிக்கிறதே, அதுபோல இதுவும் புளிக்கிறது. சர்க்கரை சாராயமாக மாறுகிறது.

இந்தப் புளித்த நீரில் நூற்றுக்கு 8 பங்கு அளவில்தான் சாராயம் இருக்கும். மற்றதெல்லாம் தண்ணீர். இதைக் காய்ச்சினால், தண்ணீருக்கு முன்பாகச் சாராயம் ஆவியாகக் கிளம்புகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சாராயம் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஆவியைக் குளிர வைத்துப் பிடிப்பதுதான் வடித்தல்.

வடித்தவுடன் விஸ்கி ஆகிவிடுமா? ஆகாது! அது தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். தொண்டையை எரிக்கும். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அதை ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் போட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் அதை ஸ்காட்ச் விஸ்கி என்று சொல்லலாம். பொன்னிறமும் வாசனையும் பெரும்பாலும் மரம் கொடுப்பவை.

பீப்பாயில் கிடக்கும்போது ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போய்விடும். குளிர் நாடான ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு 2 பங்கு போகும். தேவதைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதாக அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். பெங்களூரில் விஸ்கி செய்யும் அம்ருத் கம்பெனியில் வருஷத்துக்கு 10 பங்குக்கு மேல் போகிறது. நம் நாட்டுத் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்! அந்தக் கம்பெனி தன் விஸ்கியை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் விற்றது.

நம் நாட்டில் விஸ்கி என்று விற்கப்படும் சரக்கில் பெரும்பகுதி தானியத்தில் பிறந்ததே அல்ல. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகிலிருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் வாசனையும் சேர்த்தது. ஐரோப்பிய நாடுகளில் இதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது.

ஆகவே, மூன்று மாதத்தில் குக்கரில் விஸ்கி வராது. வருவது வெறும் சாராயம்தான். அந்தச் சாராயத்துக்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. கள்ளச்சாராயம்!

இதைக் கேட்டதும் வாலிபரின் முகம் சுண்டிப் போயிற்று. "நான் விக்கப் போறதில்லையே, அண்ணே. வீட்டுக்குத்தானே?" என்றார்.

சட்டம் சொல்வது

சில நாடுகளில் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சலாம். நியூசிலாந்தில் 1996-ம் வருஷத்திலிருந்து அதற்குத் தடை இல்லை. செல்போனில் வருகிற படங்களை எந்த நாட்டில் எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. படத்தில் உள்ள ஆசாமிக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அது ஜெயில்.

தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது. ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, அந்த வருஷம் அக்டோபர் 1-ந்தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கு அமலாயிற்று. 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், காந்தி பிறந்த நாளன்று, மாகாணம் முழுவதற்கும் அது பரவியது.

பிறகு 1971-ல் கடைகள் திறந்தன. 1974-ல் மூடின. 1981-ல் மறுபடியும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் என்ற அரசாங்க நிறுவனம் ஏற்பட்டது. 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது.

கடை திறந்தாலும் மூடினாலும், ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. வீட்டில் காய்ச்சுவது குற்றம். விற்றால்தான் குற்றம் என்பதல்ல. காய்ச்சுவதற்காகப் பாத்திரம் வைத்திருந்தாலும் குற்றம். ஊறல் போட்டிருந்தாலும் குற்றம்.

2024-ல் இந்தச் சட்டத்தை இன்னும் கடுமை ஆக்கினார்கள். கள்ளச்சாராயம் குடித்து உயிர் போனால், அதற்குக் காரணமானவருக்கு ஆயுள் காலம் முழுவதும் கடுங்காவல். 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

இவ்வளவு கடுமை ஏன்? இங்கேதான் அந்தத் தாய் சொன்ன விஷயம் வருகிறது.

2023 மே மாதம் நடந்தது

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தெற்கே பஸ் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் மதுராந்தகம். பெரிய ஏரி உள்ள ஊர். அந்தத் தாலுகாவில் சித்தாமூர் பக்கம் பெருங்கரணை என்று ஒரு கிராமம். இன்னும் தெற்கே கடற்கரையோரமாகப் போனால் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். அதன் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமம்.

2023-ம் வருஷம் மே மாதத்தில், சில நாட்களுக்குள் இந்த இரண்டு பகுதிகளிலும் ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள். வாந்தி. வயிற்று வலி. கண் மங்கல். உழைத்து அலுத்தவர்கள் சாராயம் என்று வாங்கிக் குடித்திருந்தார்கள். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கும், விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் வரிசையாகக் கொண்டு வந்தார்கள். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

குடித்தது என்ன என்று பரிசோதித்துப் பார்த்தார்கள். அது யாரும் ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமே அல்ல! மெத்தனால் என்ற விஷச் சரக்கு. ஆலைகளுக்காகத் தயாரிக்கப்படும் திரவம். பெயிண்ட், பிளாஸ்டிக், மருந்து முதலியவை செய்கிற தொழில்களுக்கு வேண்டியது. மனிதன் குடிப்பதற்கானது அல்லவே அல்ல.

ஒரு வருஷம் கழிந்தது. 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி டவுனில் கருணாபுரம் என்ற பகுதி. அங்கேயும் அதே மெத்தனால். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பிணம். இறந்தவர் குடும்பங்களுக்கு அரசாங்கம் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. போன உயிர் பணத்துக்குத் திரும்பவில்லை. அந்த ஜூன் மாதக் கடைசியில்தான் சட்டசபையில் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இது புதிய கதை அல்ல. 2001-ல் பண்ருட்டிப் பக்கம் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 1970-களில் சென்னையில் வார்னிஷும் பாலிஷும் குடித்துப் பலர் மாண்டார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, அங்கேயும் இதே விஷம் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று.

ஊறல் போய் விஷம் வந்தது

"அப்படின்னா வீட்டுல காய்ச்சினதால அவங்க சாகலையே?" என்றார் வாலிபர். புத்திசாலி! சரியான கேள்விதான்.

தானியத்தையோ வெல்லத்தையோ புளிக்க வைத்தால் மெத்தனால் மிக மிகக் கொஞ்சம்தான் உண்டாகும். பழங்களில் அதைவிடச் சற்று அதிகம். நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற மெத்தனால் பானையில் பிறந்ததல்ல. ஆலையிலிருந்து வந்தது.

அது எப்படிச் சாராயக்காரன் கைக்கு வருகிறது?

பழைய நாளில் கள்ளச்சாராயம் என்றால் ஊறல். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் போட்டு மண்ணில் புதைப்பார்கள். அது புளிக்கப் பல நாள் ஆகும். காய்ச்சினால் புகை கிளம்பும். நாற்றம் வீசும். போலீசார் மோப்பம் பிடித்து வந்து பானையை உடைப்பார்கள்.

ஆலைச் சரக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஊறல் வேண்டாம். அடுப்பு வேண்டாம். புகை இல்லை. கேனில் வரும். தண்ணீர் கலந்தால் தீர்ந்தது. குறைந்த காசில் நிறைய லாபம். கடையில் விலை கொடுத்து வாங்க முடியாத ஏழை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறான். சாராயமும் மெத்தனாலும் பார்வைக்கு ஒன்று. இரண்டும் தண்ணீர் போல இருக்கும். வாசனையும் ஏறக்குறைய ஒன்று. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. விற்கிறவனுக்கே பல சமயம் தெரியாது.

கற்றுக்குட்டிக்கு ஆபத்து இங்கேதான். முதல் தடவை வடித்தது கொஞ்சமாக வரும். காரமும் போதாது. கல்யாணம் நெருங்கும். "கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தால் சரியாகிவிடும், எனக்குத் தெரிந்த இடத்தில் கிடைக்கும்" என்று யாரோ ஒரு சிநேகிதன் சொல்வான். அந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

கண்ணைத் தின்னும் விஷம்

மெத்தனால் உள்ளே போனதும் உடனே கொல்லாது. அதுதான் அதன் சூது.

முதலில் சாதாரணப் போதை போலத்தான் இருக்கும். ஈரல் அதை மெதுவாக வேறொரு பொருளாக மாற்றுகிறது. அதற்குப் பெயர் பார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்று எரிகிறதே, அந்த எறும்பிடம் உள்ள அமிலம் இதுதான். இது ரத்தத்தில் சேர்ந்து கண் நரம்பைத் தாக்குகிறது.

குடித்த 12 மணி முதல் 24 மணி நேரத்தில் அடையாளம் தெரியும். தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல். கண் முன்னால் பனி மூடியது போல இருக்கும். நல்ல சாராயத்தோடு கலந்து குடித்திருந்தால் இன்னும் தாமதமாகத் தெரியும். "நேத்து ராத்திரி குடிச்சேன், ஒண்ணும் ஆகலே" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனவர் மத்தியானம் விழுவார்.

சுத்தமான மெத்தனால் இரண்டு டீஸ்பூன் போதும், கண்ணைப் பறிக்க. 30 மில்லி உயிரையே பறித்துவிடலாம். பிழைத்தாலும் சிலருக்குப் பார்வை திரும்புவதில்லை. மூன்றாவது கண்ணைத் தரிசிக்க வரும் ஊரில், இருக்கிற இரண்டு கண்ணையும் இழக்கலாமா?

நம்பக் கூடாத மூன்று பேச்சு

காய்ச்சுகிறவர்களிடையே சில பேச்சுக்கள் உலவுகின்றன. வாலிபரும் அவற்றைக் கேட்டிருந்தார்.

"முதலில் வடிவதைக் கீழே கொட்டிவிட்டால் விஷமெல்லாம் போய்விடும்" என்பது ஒன்று. மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், அதனால் அது முதலில் வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பு! தண்ணீரும் சாராயமும் கலந்திருக்கும்போது மெத்தனால் தனியாகப் பிரிந்து முன்னால் வருவதில்லை. முதலிலும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். வீட்டுக் குழாயால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

"கொளுத்திப் பார், நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு" என்பது இரண்டாவது. நல்ல சாராயமும் எரியும், மெத்தனாலும் எரியும். இரண்டும் கலந்திருந்தால் நெருப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

"ஒருத்தன் குடிச்சுப் பார்த்தான், ஒண்ணும் ஆகலே" என்பது மூன்றாவது. விஷம் வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்று மேலே பார்த்தோம். அதற்குள் பத்துப் பேர் குடித்துவிடுவார்கள்.

குக்கரே குண்டாகும்

மெத்தனால் இல்லாவிட்டாலும் ஆபத்து ஒழியவில்லை.

சாராய ஆவி சீக்கிரம் தீப்பிடிக்கும். பெட்ரோலைப் போல, அறையில் உள்ள சாதாரண உஷ்ணத்திலேயே எரியக்கூடிய ஆவியை விடும். மூடிய சமையலறையில், பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிய, குழாயின் ஒரு மூட்டு கசிந்தால் போதும். குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ குக்கர் வெடிக்கும். பருப்பு வேகிற குக்கர் வெடித்தால் பருப்பு சிதறும். சாராயம் காய்கிற குக்கர் வெடித்தால் நெருப்பு சிதறும்.

இன்னொன்று, ஈயம். குழாய்களைப் பற்ற வைக்கச் சிலர் ஈயம் கலந்த பற்றுக்கம்பியை உபயோகிப்பார்கள். சாராய ஆவி அந்த ஈயத்தை அரித்துக்கொண்டு வரும். அமெரிக்காவில் கள்ளத்தனமாகக் காய்ச்சியவர்கள் மோட்டார் கார் ரேடியேட்டரை வடிகுழாயாக வைத்தார்கள். அதைக் குடித்தவர்கள் ஈய விஷம் ஏறி, கை கால் விழுந்து, மூளை கெட்டுத் தவித்தார்கள்.

வாலிபர் தம் குழாயை எடுத்து மூட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றைப் பற்ற வைத்தது எந்தக் கம்பி என்று அவருக்கும் தெரியவில்லை.

மின்விசிறியைத் தப்பாக மாட்டினால் அது சுற்றாது. கழற்றி மறுபடியும் மாட்டலாம். எந்தத் தொழிலும் தப்புச் செய்து செய்துதான் கைக்கு வரும். இந்தத் தொழிலில் முதல் தப்பைத் திருத்திக்கொள்ள ஆள் இருப்பது சந்தேகம். அதிலும், தப்பைச் செய்பவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர். கல்யாண வீட்டுக்கு வந்த மாமன் என்ன பாவம் செய்தார்?

மறைத்தால் சாவு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கள்ளச்சாராயம் குடித்திருந்தால், வாந்தியோ வயிற்று வலியோ கண் மங்கலோ கண்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் கூட்டிப்போங்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் வருமே என்று பயந்து, "சாப்பாடு ஒத்துக்கலே" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய்யால் வைத்தியம் திசை மாறிவிடும். மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு. டயாலிசிஸ் என்ற முறையில் ரத்தத்தைச் சுத்தம் செய்து விஷத்தை வெளியே எடுக்கவும் வழி உண்டு. ஆனால் மணிக்கணக்கு முக்கியம். சீக்கிரம் போனால் உயிரும் பிழைக்கும், கண்ணும் பிழைக்கும்.

வீட்டில் கைவைத்தியம் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க விரலை விடாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள். மிச்சம் இருக்கும் சரக்கை யாரும் தொடாமல் எடுத்து வையுங்கள். அது என்ன விஷம் என்று கண்டுபிடிக்க உதவும்.

குடியை விட நினைப்பவருக்கும் வழி இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் யோசனை சொல்கிறார்கள்.

வடிக்கும் ஆசை தப்பா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு வாலிபர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குக் குடிக்கிற ஆசை கூட இல்லே, அண்ணே. அந்தச் சொட்டு எப்படி விழுதுன்னு பார்க்கத்தான் ஆசை" என்றார்.

நியாயமான ஆசை! அதில் தப்பே இல்லை.

வடிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் வடித்து எடுக்கும் மருந்துக்குத் தீநீர் என்று பெயர். அதை வடிக்கும் கருவிக்கு வாலை என்று பெயர். வயிற்று உப்புசத்துக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் அப்படி வடித்ததுதான். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர், ரோஜா இதழிலிருந்து வடித்தது. நீலகிரியில் யூகலிப்டஸ் இலையைக் கொட்டகைகளில் ஆவியில் வேக வைத்துத் தைலம் எடுக்கிறார்கள். வெட்டிவேர்த் தைலமும் இப்படித்தான் வருகிறது.

இதை முறையாகப் படிக்கவும் இடம் உண்டு. சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கலாம். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ரசாயனம் படித்தவர்களுக்குப் பெரிய தொழிற்சாலைகளில் வடிக்கும் வேலையே ஒரு உத்தியோகம்.

வீட்டில் செய்து பார்க்க வேண்டுமா? குக்கர் வேண்டாம், குழாயும் வேண்டாம். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ரோஜா இதழைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை உயரமாக வையுங்கள். குமிழ் உள்ள மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுங்கள். மூடியின் மேல் ஐஸ் கட்டியைப் போட்டு, சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். அதுதான் பன்னீர். அடுத்த முறை ஓமத்தைப் போட்டால் வீடெல்லாம் மணக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலிபரின் வீட்டில் இதைத்தான் செய்தார்கள். அம்மா கோயில் கடையில் ரோஜாப் பூ வாங்கி வந்தார். முதல் தடவை தண்ணீர் வற்றி, இதழ் கருகி, தீய்ந்த நாற்றம் வந்தது. வீடே சிரித்தது. இரண்டாம் தடவை அரைக் கிண்ணம் தேறியது. வாலிபர் அதை முகர்ந்து பார்த்து, அக்காளின் கையில் நான்கு சொட்டுத் தெளித்தார்.

செம்புக் குழாய் பரண் மேலே போயிற்று. குக்கர் அம்மாவிடம் திரும்பிப் போயிற்று. அன்று மத்தியானம் அதில் துவரம்பருப்பு வெந்தது.

கல்யாணத்துக்கு வரும் மாமன் மச்சான்களுக்கு வாசலில் பன்னீர் உண்டு. வந்தவர்கள் எல்லோரும், வந்த கண்ணோடும் வந்த உயிரோடும் வீடு திரும்புவார்கள். அதைவிட ஒரு கல்யாண வீட்டுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?